சபூரா வீட்டுச் செம்பு

வெள்ளிக் கிண்ணத்தைத் திருடியவன், அது இருந்த இடத்தில் தன் உம்மாவின் பெயர் வெட்டிய பித்தளைச் செம்பை வைத்துவிட்டுப் போயிருந்தான். இவ்வளவு மரியாதைப்பட்ட கள்ளனை றவூப் தன் முப்பத்திரண்டு வயதில் கேள்விப்பட்டதில்லை. அவன் கள்ளர்களை அறியாதவனும் அல்ல; வாடகைக் கார் ஓட்டுகிறவன்.

வாவிக்கரைக் கல்லூரி அதிபர் மத்தேயுவின் சாப்பாட்டு மேசையில், இடியப்பத் தட்டுக்கும் சம்பல் கோப்பைக்கும் நடுவே அந்தச் செம்பு நின்றது. மூடி போட்ட செம்பு. கழுத்தில் ‘சபூரா, ஏறாவூர்’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கலியாணத்துக்கு வாங்கிய ஏனங்களில் பெண்ணின் பெயரை வெட்டிவைப்பது ஊர்வழக்கம். இரவல் போனாலும் வீடு தெரிந்து திரும்பி வரும்.

மேசையின் ஒரு பக்கம் அதிபர். மறுபக்கம், அன்று காலை ரயிலில் கொழும்பிலிருந்து வந்திறங்கிய பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றின் உதவிக் காப்பாளர். சித்திரை வெயிலில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். றவூப் அவருக்கு மனதுக்குள் கழுத்துப்பட்டியார் என்று பெயர் வைத்துவிட்டான்.

அவன் தூக்கி வந்த டைப்றைட்டரின் முன்னால் பீற்றிஸ் உட்கார்ந்தாள். நகரத்தில் கடிதங்கள் தட்டெழுதிக் கொடுப்பது அவள் தொழில். துப்பறிவது அவள் குணம். ஊரின் பாதி இரகசியம் அவள் விரல் நுனி வழியாகப் போனதால் ஒன்றுக்கொன்று உதவியாக இருந்தது.

“எழுதுங்கள் மிஸ்,” என்றார் அதிபர். “எமது உதைபந்தாட்ட அணி, பல்கலைக்கழக வளாகத்துக்கு விருந்தினராகச் சென்று விடுதியில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, அணியைச் சேர்ந்த அசனார் என்னும் மாணவன், கூடத்து அலுமாரியிலிருந்த வெள்ளிக் கிண்ணத்தை…”

“ஒன்பது வருடமாக எங்களிடமே இருந்த கிண்ணம்,” என்றார் கழுத்துப்பட்டியார். “வெல்வெட் உறைக்குள். சென்ற வியாழக்கிழமை விருந்தினர் எல்லோர் முன்னிலையிலும் உறையை எடுத்தோம். இது நின்றது.” செம்பைச் செத்த எலியைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

“ஆட்டத்தில ஆரு ஐயா வெண்ட?” என்று கேட்டான் றவூப்.

“அது இங்கே தேவையில்லாத கேள்வி.”

“இரண்டுக்கு ஒன்று. நாங்கள்,” என்றார் அதிபர் மெல்ல. “இரண்டும் அசனார்தான். வெறுங்காலால்.”

“மைதானம் ஈரமாக இருந்தது.”

“ஓம் ஐயா,” என்றான் றவூப். “உங்கட கோல் பக்கம் மட்டும் மழை பெய்திருக்கும்.”

பீற்றிஸ் அவனைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

விஷயம் சிரிப்புக்குரியதல்ல என்பது அவனுக்கும் தெரியும். அசனார் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் தேறியிருந்தான். ஏறாவூர் நெசவுத் தெருவிலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல் ஆள். அடுத்த திங்கட்கிழமை நேர்முகம். அதற்கு அதிபரின் நற்சான்றிதழ் வேண்டும். நற்சான்றிதழுக்குப் பதிலாக இந்தக் கடிதம் கழுத்துப்பட்டியாரோடு மாலை ஆறு மணி ரயிலில் ஏறினால், அசனார் தறிக்குழியில் இறங்கிவிட வேண்டியதுதான்.

கழுத்துப்பட்டியார் மூன்றாம் தடவையாகச் சம்பல் போட்டுக்கொண்டார்.

“உங்கள் காப்பாளர் அனுப்பிவைத்த அன்பளிப்புக்கு நான் இன்னும் நன்றிக் கடிதம் எழுதவில்லை,” என்றார் அதிபர்.

“அதெல்லாம் எதற்கு,” என்றார் அவர். என்ன அன்பளிப்பு என்று கேட்கவில்லை. நன்றி என்று எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் மனிதர்.

பீற்றிஸ் செம்பைக் கையில் எடுத்தாள். உள்ளே பார்த்தாள், முகர்ந்தாள், விரலால் அடியைத் தடவினாள்.

“புளி போட்டு மினுக்கியிருக்கு.”

“களவெடுக்கிற அவசரத்திலயும் மினுக்கித்தான் வச்சிருக்கான்,” என்றான் றவூப். “நல்ல வளர்ப்பு.”

பீற்றிஸ் ஒரு வரி தட்டினாள். நிறுத்தினாள். “மன்னிக்க வேணும் சேர். றிப்பன் காய்ந்துபோச்சு. வேறு கொண்டுவர நாலு மணியாகும். இந்தச் செம்பையும் தாங்கோ. அந்த வீட்டில் காட்டி, தங்கட செம்புதான் எண்டு வாக்குமூலம் வாங்கிவாறன். கடிதத்துக்குப் பலம்.”

“தடயப் பொருள்,” என்றார் கழுத்துப்பட்டியார். “பற்றுச்சீட்டு இல்லாமல் தர முடியாது.”

பீற்றிஸ் பற்றுச்சீட்டை அங்கேயே தட்டெழுதிக் கொடுத்தாள். எழுத்துக்கள் காகத்தின் இறகுபோலக் கறுப்பாக விழுந்தன. கல்வியறிவு மிகுந்த இருவரும் அதை வாசித்து, மடித்து, திருப்தியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

கார் கல்லூரி வாசலைத் தாண்டியதும் றவூப் கேட்டான். “மிஸ், நேத்து நான் வாங்கித் தந்த றிப்பன் இண்டைக்கே காய்ஞ்சிட்டா?”

“இல்லை.”

“பொய் சொன்னா கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ண வேணுமே.”

“சனிக்கிழமைதான் போவன். அதுக்குள்ள இன்னும் சேரும்.”

வாவி இடப்பக்கம் வெயிலில் தகரம்போலக் கிடந்தது. நீர் வற்றிய கரையில் சேற்று மணம். காரின் பிரேக் நம்பிக்கையால் வேலை செய்தது. ஹோர்ன் மட்டும் நிஜமாக வேலை செய்தது. ஏறாவூர் வரை றவூப் அதை அழுத்திக்கொண்டே போனான்.

சபூரா தறியில் இருந்தாள். செம்பைக் கண்டதும் இழை ஓட்டும் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“எங்கட செம்பு. எங்க மகள் கிடந்தது?” என்று வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “வெறுமையாவா தந்து விட்டாங்க?”

பீற்றிஸ் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். “வெறுமையா வந்தா என்ன உம்மா?”

“என்ன மகள் இப்பிடிக் கேக்கிறீங்க. உன்னிச்சைக் காட்டுத் தேன், முட்ட நிறைச்சுக் குடுத்துவிட்ட நான். புள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுற குசினிக்கு எண்டு. ஒரு பிடி சீனியாச்சும் போடாம ஆரும் ஏனத்தைத் திருப்புவாங்களா? அதுவும் ஹமீட்.”

“ஹமீட் ஆரு?”

“அந்த விடுதியில சமைக்கிறவன். நாலு வீடு தள்ளித்தான் அவன்ட உம்மா இரிக்கா. மகன் வெறும் ஏனம் அனுப்பினான் எண்டு அறிஞ்சா அவ தெருவில தலை காட்ட மாட்டா.”

உள்ளே கதவு அசைந்தது. அசனார் வெளியே வந்தான். நெடிய பையன். கால் விரல்களில் இன்னும் ஆட்டத்துக் காயம் ஆறவில்லை. எதிர்ப்பக்கம் எல்லோரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள்.

“இவன்ட வாயத் திறக்க ஏலாது மகள்,” என்றாள் சபூரா. “செம்பெங்க, செம்பெங்க எண்டு பதினஞ்சு நாளாக் கேக்கிறன். மறுகா பாத்தா இவனைக் கள்ளன் எண்டு கடதாசி வந்திரிக்காம்.”

“தேனை ஆரிட்டக் குடுத்தீங்க தம்பி?” என்று கேட்டாள் பீற்றிஸ்.

“ஹமீட் காக்காட்ட.”

“அதை அதிபரிட்டச் சொல்லல்லையா?”

“சொன்னன் மிஸ். ‘குசினிவரை போய்ப் பழகியவன்’ எண்டு எழுதிக்கொண்டார்.”

றவூப் தொண்டையைச் செருமினான். “நீ கோல் போட்டதை ‘எதிரியின் இடத்துக்குள்ள அத்துமீறினவன்’ எண்டு எழுதாம விட்டாரே.”

பையன் சிரிக்கவில்லை. பீற்றிஸ் கேட்டாள். “வரக்குள்ள ஹமீட் என்ன தந்துவிட்டார்?”

“எனக்கிட்ட ஒண்டும் தரல்ல.”

“வேற ஆரிட்டயும்?”

அசனார் நிலத்தைப் பார்த்தான். கால் பெருவிரலால் மணலில் ஒரு கோடு கீறினான். அதை அழித்தான்.

“தம்பி,” என்றான் றவூப், “ஆறு மணிக்கு ரயில். கோடு கீறி முடியும்வரை அது நிக்காது.”

“ரயில்ல விளையாட்டு மாஸ்டர்ட மடியில ஒரு பொட்டணம் இருந்த,” என்றான் அசனார். “சாரன் துண்டால கட்டின. கரையப் பாத்தே தெரியும், உம்மா நெய்த சாரன். ஹமீட் காக்காக்குப் பெருநாளைக்குக் குடுத்த. நான் கேக்கல்ல. மாஸ்டர்தான் எங்களக் கூட்டிப் போன ஆள். அவரக் கேட்டா, அவரைக் கள்ளன் எண்ட மாதிரிப் போயிரும்.”

தன்னைக் கள்ளன் என்று எழுதப் போகிறார்கள். இவன் மாஸ்டரின் மானத்துக்குக் காவல் நிற்கிறான்.

“ஹமீட் அனுப்பினா என்ன அனுப்புவார்?” என்று கேட்டாள் பீற்றிஸ்.

“சீனிச்சம்பல்,” என்றார்கள் தாயும் மகனும் ஒன்றாக.

பீற்றிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். விஷயம் பிடிபட்டால் அவள் செய்கிற ஆர்ப்பாட்டம் அவ்வளவுதான். “செம்பை நான் இன்னொரு தரம் கொண்டு போறன் உம்மா. இண்டைக்கே கொண்டுவந்து தாறன்.”

“வெறுமையாக் கொண்டு வராதீங்க,” என்றாள் சபூரா.

காரில் றவூப் வாயைத் திறந்தான். “அப்ப காலையில கழுத்துப்பட்டியார் மூணு தரம் போட்டுத் திண்ட…”

“ஓம்.”

“அதிபர் அன்பளிப்பு எண்டு சொன்னது சபூரா ராத்தாவுக்கு வந்த சம்பலா? கிண்ணத்தைத் தேடிப் போய்ச் சம்பலைப் பிடிச்சிட்டம். கிண்ணத்துக்கு என்ன செய்யிறது?”

“நீங்களே யோசியுங்கோ றவூப். தேன் போன செம்பு அங்க அலுமாரிக்குள்ள இருந்திருக்கு. அப்ப சம்பல் எதில வந்தது?”

“வாழை இலையில.”

“வாழை இலைப் பொதியைச் சாரன் துண்டால கட்டி, மடியில வச்சுக்கொண்டா வருவாங்க?”

றவூப் யோசித்தான். யோசித்ததில் எதிரே வந்த மாட்டு வண்டியை மயிரிழையில் விலத்தினான். அதன்பிறகு யோசிப்பதை அவளிடமே விட்டுவிட்டான்.

விளையாட்டு ஆசிரியர் பஸ்தியாம்பிள்ளை கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணி வெயில். பீற்றிஸ் மரநிழலில் நின்றுகொண்டாள்; இப்படிப்பட்ட வேலைகளை றவூப்பிடம் விடுவதே அவள் வழக்கம்.

“மாஸ்டர்,” என்றான் றவூப், “விடுதிச் சமையல்காரன் ஹமீட் தந்தி அடிச்சிரிக்கான். சாரன் துண்டைத் திருப்பி அனுப்பட்டாம். உடுக்க வேற இல்லையாம்.”

எந்தத் தந்தியும் இல்லை. ஆனால் பஸ்தியாம்பிள்ளை கையிலிருந்த சுண்ணாம்பைவிட வெளுத்துப்போனார். “துண்டு வீட்டில கொடியில காயுது,” என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்.

பீற்றிஸ் நிழலிலிருந்து வந்தாள். “ஆருக்குக் குடுக்கச் சொல்லித் தந்தவர் மாஸ்டர்?”

“சபூரா வீட்டுக்கு எண்டுதான்…” அவர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். “நான் திங்க எடுக்கல்ல மிஸ். மாதா அறிய ஒரு வாய் திங்கல்ல. அதிபருக்குக் குடுத்தன். காப்பாளர் துரை உங்களுக்கெண்டு பிரத்தியேகமா அனுப்பினவர் எண்டு சொன்னன். ஆனி மாதம் என்ர வேலையை நிரந்தரமாக்கிற விஷயம் வருகுது. அவரும் அண்டைக்குத்தான் முதல்முறையா என்னை உட்காரச் சொன்னவர்.”

“ஹமீட் வேற ஏதும் சொல்லிவிட்டவரா?”

“ஏனம் மாறிப்போச்சு, இதை அடுத்த கிழமைக்குள்ள திருப்பி அனுப்பச் சொல்லுங்க எண்டான். ரயிலுக்கு நேரமாச்சு. எந்த ஏனம் எண்டு வழியில நான் அவிழ்த்துப் பாக்கல்ல. அதிபரிட்டக் குடுக்கக்குள்ளதான் துண்டை அவிழ்த்தன், அப்ப இருட்டு.”

“மாணவன் ஒருத்தன்ட பெயர் போய்க்கொண்டிருந்ததே, மாஸ்டர்.”

“ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. அதை மட்டும் அவர் உண்மையாகவே சொன்னார்.

அவரையும் ஏற்றிக்கொண்டு அதிபர் வீட்டின் பின்வாசலுக்குப் போனார்கள். அதிபரின் மனைவி றோசம்மா அடுப்படியில் நின்றாள். பீற்றிஸ் கேட்டதும், மேல்தட்டிலிருந்த ஏனத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் காது வைத்த, காலுயர்ந்த, கறுத்த ஏனம். அடியில் இன்னும் ஒரு கை சம்பல் கிடந்தது.

“வரக்குள்ள வெள்ளையாத்தான் இருந்தது பிள்ளை. வெங்காயமும் மாசியும் உள்ள கிடந்து, வெளியில வாவிக் காத்தும் பட்டு, இப்பிடிக் கறுத்துப்போச்சு. என்ர வெள்ளிக் கொலுசும் இஞ்ச இப்பிடித்தான்.”

“எழுத்து ஏதும் வெட்டியிருக்கா மாமி?”

“இங்கிலீசில என்னவோ கிடக்கு. என்னெண்டு பாருங்கோ எண்டு இவரைக் கேட்டன். தலையைத் திருப்பாம, ‘பட்டறைக்காரன்ட பேராயிருக்கும், நீ போய் அடுப்பைப் பார்’ எண்டார்.”

றவூப் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் குந்திவிட்டான்.

பீற்றிஸ் அந்தக் கறுத்த ஏனத்தை எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

“எனக்குச் சம்பல் போதும்,” என்றார் கழுத்துப்பட்டியார்.

“சாப்பிடச் சொல்லல்ல சேர். இது உங்கட கிண்ணமா எண்டு பாருங்கோ.”

அவர் ஒரு முறை பார்த்தார். “எங்களுடையது வெள்ளிக் கிண்ணம். இது குசினிச் சட்டி. ஒன்பது வருடம் கண்ணால் பார்த்த பொருள் எனக்குத் தெரியாதா?”

பீற்றிஸ் வாதாடவில்லை. சம்பலை ஒரு கோப்பையில் வழித்து வைத்தாள். றோசம்மாவிடம் ஒரு பெரிய அலுமினியச் சட்டி கேட்டாள். கொதிநீர், ஒரு கை உப்பு, ஒரு கை அப்பச்சோடா. கிண்ணத்தை அதற்குள் சரித்து வைத்தாள். வற்றிய வாவிச் சேற்றின் மணம் மெல்லக் கிளம்பியது. கழுத்துப்பட்டியார் கைக்குட்டையை எடுத்தார். கறுப்பு தானாகவே கழன்றது. வெள்ளி வந்தது, அதன்மேல் எழுத்து வந்தது, எழுத்தில் அவர் விடுதியின் பெயர் வந்தது.

“செம்பு புளி போட்டு மினுக்கியிருந்தது; கிண்ணம் மினுக்கின நாளும் அணி வெளிக்கிட்ட நாளும் ஒண்டாயிருக்க வேணும்,” என்றாள் பீற்றிஸ். “செம்பும் கிண்ணமும் குழாயடியில பக்கத்துப் பக்கத்தில கிடந்திருக்கும். ஆரோ ஒருவர் மூடி போட்ட செம்பை வெல்வெட் உறைக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டார். ஹமீட் வந்து பாக்கக்குள்ள ரயிலுக்கு நேரம். தேன் வந்த வீட்டுக்கு ஒண்டும் அனுப்பாம விட அவருக்கு ஏலாது. கையில மிஞ்சின ஏனம் இதுதான். ஏனம் மாறினதெண்டு சொல்லியும்தான் விட்டிருக்கிறார்.” அவள் பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“மடைத்தனம்,” என்றார் கழுத்துப்பட்டியார். “கிண்ணம் காணவில்லை என்று விடுதியே அமளிப்பட்டது. அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?”

“நீங்கள் கேட்டீங்களா?”

“சமையல்காரனிடமா?”

அந்தக் கேள்வி மேசைமேல் கிடந்தது. அவர் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார்.

அதிபர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பட்டறைக்காரன் பெயர்…” என்று தொடங்கி, வாசலில் நின்ற மனைவியைக் கண்டு நிறுத்தினார்.

“நான் போய் அடுப்பைப் பாக்கிறன்,” என்றாள் றோசம்மா.

பீற்றிஸ் டைப்றைட்டரில் புதுத் தாளைச் சுற்றினாள். “கடிதம் எழுத வேணும் எண்டீங்க சேர். நடந்ததை அப்படியே எழுதலாம். காணாமல்போன கிண்ணம் அதிபரின் குசினியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் வந்த சம்பலை உதவிக் காப்பாளர் மூன்று தடவை…”

“வேண்டாம்,” என்றார்கள் இருவரும். வளாகமும் கல்லூரியும் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“அப்ப நற்சான்றிதழ்.”

அவள் தட்டினாள். பதினொரு வரி. அதிபர் கையொப்பமிட்டார். கிண்ணம் காணாமல்போனதில் அசனாருக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று கடைசி வரி. அதன்கீழ் கழுத்துப்பட்டியாரும் கையொப்பமிட்டார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் தட்டெழுதுவதில்லை.

மை காய ஊதியபோதுதான் அதிபருக்கு ஞாபகம் வந்தது. “றிப்பன் காய்ந்துவிட்டது என்றீர்களே மிஸ்?”

“ஈரமாயிட்டு சேர்,” என்றான் றவூப். “மைதானம்போல.”

ஐந்தரைக்குக் கழுத்துப்பட்டியார் எழுந்தார். றோசம்மா கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். மேலே வாழை இலை கட்டியிருந்தது.

“இது என்ன?”

“எங்கட வீட்டில இருந்தும் வெறும் ஏனம் போகாது,” என்றாள் அவள். “மாங்கேணிக் கருவாடு. ஹமீட்டிட்டக் குடுங்கோ. நாங்கள் சுகம் கேட்டதாயும் சொல்லுங்கோ.”

அவர் மறுக்க வாயெடுத்தார். மேசையில் அந்தப் பதினொரு வரியின் நகல் கிடந்தது. பக்கத்தில் வெறுந்தாள் ஒன்றும் டைப்றைட்டரில் தயாராகச் சுற்றியிருந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்கையில் ஏறாவூர்ப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போனது. நெசவுத் தெருவில் காரை நிறுத்திய றவூப், “முதலாம் வகுப்புப் பெட்டி. கருவாட்டு மணத்துக்கு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும்,” என்றான்.

சபூரா செம்பை வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்தாள்.

“கடதாசியா? சீனி ஒண்டும் அம்பிடல்லியா மகள்?”

“தம்பிட்டக் குடுங்க.”

அசனார் அதை முழுதும் வாசித்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“உம்மா, திங்கட்கிழமை நான் போறன்.”

“எங்க?”

“கொழும்புக்கு. அந்த வளாகத்துக்கே. இந்தத் தரம் விருந்தாளியா இல்ல.”

சபூரா மகனைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். செம்பை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

“போ மனே. ஆனா செம்பு இஞ்சதான் இரிக்கும். ஹமீட்டுக்குத் தேனைப் போத்தல்ல கொண்டு போ.”